நாற்பத்தொரு விநாடி

ஃபஹாஹீலில் ஆகஸ்டு இரவு, பத்தரை.
தரையில் பந்து விழுந்தால்
ஈரத்துணியை அறைந்த சத்தம்.
மேசையில் நான், ஸ்கோர் தாள், ஒரு பேனா,
நிறுத்தவும் ஓட்டவும் ஒரே பொத்தான் உள்ள கடிகாரம்.
வேலிக்கு அப்பால் சுத்திகரிப்பு ஆலையின் தீ
யாரும் ஊதாமலே எரிகிறது.

மிச்சம் நாற்பத்தொரு விநாடி.
நாங்கள் மூன்று புள்ளி முன்னே.

பந்து வேறெங்கோ ஒரு மூலையில் இருக்க
ஜெரிக்கோ ஓடிவந்து சந்தியாகுவைக் கட்டிப்பிடிக்கிறான்,
விமான நிலையத்தில் அண்ணனைக் கண்டவன் மாதிரி.
விசில்.
புத்தகத்தில் இதற்குப் பெயர் வேறு, தண்டனையும் பெரிது.
ரெஃப்ரி இத்ரீஸ் "பந்தைத்தான் பார்த்தான்" என்கிறார்,
கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே.

மணப்பாட்டுச் சந்தியாகு. ஆறடி நாலங்குலம்.
வளையத்துக்கடியில் நின்றால் நகர்த்த லாரி வேண்டும்.
கோட்டில் தனியாக நிறுத்தினால்
பத்துக்கு மூன்று.
பதினைந்தடி, எதிரே ஆளில்லை, மறிக்கும் கையில்லை,
ஃப்ரீ த்ரோ என்று பெயர்.
அந்த இலவசத்தில்தான் அவன் மூழ்குகிறான்.

நாற்பத்தொன்று முப்பத்தாறு ஆகிறது,
முப்பத்தாறு முப்பத்தொன்று.
நடுவில் போனது பதினெட்டு நிமிடம்.
பார்க்க வந்தவர்கள் போனைப் பார்க்கிறார்கள்.

பிடிபட்டவனேதான் எறிய வேண்டும் என்று
எவன் எழுதி வைத்தான்?
குறி தப்பாத பாசில் எறியட்டுமே.
இல்லை, எறிதலே வேண்டாம்,
பந்தைப் பக்கவாட்டில் கொடு, ஆட்டம் ஓடட்டும்.
இப்படி எனக்குள் ஒருவன்.
இன்னொருவன்:
நீச்சல் தெரியாதவனுக்காகக் கடலை இறைப்பாயா?
வாரத்துக்கு நூறு எறி என்று
நாலு வருஷமாகச் சொல்லவில்லையா நீ?
சொன்னேன்.
சாரம் கட்டி இறங்கிய கை
தோளுக்கு மேலே வர மாட்டேன் என்கிறதாம்.

பகலிலும் எனக்கு இதே உத்தியோகம். டைம்கீப்பர்.
பதினொன்று முதல் நாலு வரை
வெயிலில் வேலை கூடாது, சட்டம்.
போன செவ்வாய் சைட் மேனேஜர் கால்குலேட்டரைத் தட்டினார்.
ஒரு நாள் பிந்தினால் இவ்வளவு,
பிடிபட்டால் அபராதம் அவ்வளவு.
"பிடிபடுவோம், பரவாயில்லை" என்றார்.
மதியம் ஒரு மணிக்குச் சந்தியாகு ஏழாம் மாடிச் சாரத்தில்.
என் தாளில் அவன் ஓய்வில்.

அந்தப் பேனாதான் இது.

மறுபடி கட்டிப்பிடிக்கிறான், மறுபடி விசில்.
இந்த முறை என் விரல் பொத்தானுக்குப் போகவில்லை.
இருபத்தொன்பது. இருபத்தெட்டு.
அப்புறம்தான் அழுத்தினேன்.
விதியை மாற்றக் கமிட்டி எதற்கு,
ஒரு கட்டைவிரல் போதும் என்று கொஞ்சம் சந்தோஷம்கூட.
யாரும் கவனிக்கவில்லை. ஜெரிக்கோ கவனித்தான்.
ஒன்றும் சொல்லாமல் கையை உயர்த்திக்கொண்டு
பெஞ்சுக்கு நடந்தான்.
அவனுக்கு அது ஐந்தாவது.

தண்ணீர் குடிக்க மேசைக்கு வந்த சந்தியாகுவிடம்
"உன்னை இப்படிப் பண்றானே" என்றேன்.
"அவன்மேல என்ன கோவம்?
பிடிச்சான், நீ எழுதுன,
பேரு, நிமிஷம், எத்தனாவதுன்னு.
அஞ்சு ஆச்சு, போய் உக்காந்துட்டாம்லா."
பாட்டிலை மூடாமல் வைத்துவிட்டுப் போனான்.

ஜெரிக்கோ துண்டால் முகத்தை மூடியிருந்தான்.
அந்த பெஞ்சில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம்.
மேனேஜருக்கு இடமிருக்கிறது.
எனக்கும்.

போன இரண்டு விநாடியைத் திரும்பக் கொண்டுவர
பொத்தானை ஏழெண்ணம் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும்.
பிடித்தேன்.
"என்னவே, கடியாரம் ரிப்பேரா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.
ஆமாம் என்றேன்.

சந்தியாகு மூன்று முறை பந்தைத் தட்டினான்.
முதலாவது பின்னிரும்பில் பட்டுத் தெறித்தது.
இரண்டாவது வலையின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டு போனது.

விதியை மாற்றலாமா, தெரியவில்லை எனக்கு.
தாளில் இரண்டு வெறும் வட்டம் போட்டேன்.
தவறியதைத் தவறியது என்று
இந்த வாரம் நான் எழுதியது
அவை மட்டும்தான்.

நாலேகாலுக்கு பஸ்.